கள்ளுக்கடையும் வீட்டுக் கதவும்: சிங்கப்பூர்த் தமிழரின் குடி வரலாற்றில் பதின்ம வயதினர்

முன்னுரை

சிங்கப்பூர், மலாயாத் தமிழரின் சமூக வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் கள்ளுக்கடையைச் சுற்றிக்கொண்டு செல்ல இயலாது. தொழிலாளர் துறை ஆண்டறிக்கைகள், விசாரணைக் குழு அறிக்கைகள், சீர்திருத்தச் சங்கங்களின் தீர்மானங்கள், தோட்டப்புறச் சிறுகதைகள் ஆகிய அனைத்திலும் அக்கடை நின்றுகொண்டிருக்கிறது. கடைக்குள் இருப்பவன் பெரும்பாலும் ஓர் ஆண் தொழிலாளி. வாசலில் காத்திருப்பவள் அவன் மனைவி. இவ்விருவரைப் பற்றியும் நிறையவே எழுதப்பட்டுள்ளது. அவர்களுடைய வீட்டில் பதின்மூன்று, பதினைந்து வயதில் ஒரு மகனோ மகளோ இருந்திருப்பர். குடிப்பவரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த அவர்கள், பின்னர் தாமும் குடிக்கத் தொடங்கினரா, எப்போது, எவ்வாறு தொடங்கினர் என்னும் வினா நம் வரலாற்றெழுத்தில் உரிய இடம் பெறவில்லை.

இக்கட்டுரை அவ்வினாவை முன்னிறுத்திப் பழைய செய்திகளை மீண்டும் படிக்க முற்படுகிறது. ஏறத்தாழ நூறாண்டுகளாகத் தமிழரின் குடியைப் பற்றிய பொது விவாதமும் சட்டமும் அதனை ஓர் இடத்தின் சிக்கலாகவே கண்டன. கடை, தெரு, வட்டாரம் என்று அவ்விடம் மாறியதே ஒழிய, நோக்கு மாறவில்லை. இதற்கிடையில் குடி கடையை விட்டு வீட்டுக்குள் குடிபுகுந்தது. அம்மாற்றத்தை மிக அருகிலிருந்து கண்டவர்கள் அவ்வீடுகளில் வளர்ந்த இளையர்களே என்பது நம் கருத்து.

கள்ளின் இயல்பு

முதலில் பொருளைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். பொருளின் இயல்பே கடையின் இயல்பை வகுத்தது. தென்னம்பாளையைச் சீவி இறக்கும் சாறு, கலயத்தில் விழத் தொடங்கியதுமே காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்களால் புளிக்கத் தொடங்கிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது பதநீராக நிற்கும். தடவாவிடில் சில மணி நேரத்தில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு சாராயச் சத்துள்ள கள்ளாகும். மறுநாள் அதன் புளிப்பு மிகும், பின்னர் காடியாகிவிடும். எனவே, கள் சேமித்துவைக்கத்தக்க பொருளன்று. இறக்கிய அன்றே, இறக்கிய இடத்துக்கு அருகிலேயே அதனைக் குடித்தாகவேண்டும்.

இவ்வொரு காரணத்தால் கள்ளுக்கு ஒரு கடையும் ஒரு நேரமும் இன்றியமையாதனவாயின. தோட்ட நிருவாகங்களும் காலனித்துவ அரசும் இதனைத் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டன. மலாயாத் தோட்டங்களில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் நிருவாகத்தின் கண்காணிப்பில் நடந்தன. அவற்றின் இலாபம் தொழிலாளர் நலனுக்கென ஒரு நிதியில் சேர்க்கப்பட்டது. தொழிலாளி குடித்த பணத்திலேயே அவனுக்கு நலம் செய்யும் இவ்வேற்பாட்டின் முரணை அக்காலத்தவரே உணர்ந்திருந்தனர். செலாங்கூரின் கடலோர மாவட்டங்களில் கள் அளவுமீறிப் புழங்குவதாக எழுந்த குற்றச்சாட்டை ஆராய அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவின் நடவடிக்கைகள் 1917இல் வெளிவந்தன. தோட்டத்துரைமார் தரப்பின் வாதம் இரண்டு கூறுகளைக் கொண்டது. கள் உடலுக்கு ஊட்டம் தரும் என்பது ஒன்று. கள்ளை நிறுத்தினால் தொழிலாளி அதனினும் கொடிய சம்சுவை நாடுவான் என்பது மற்றொன்று. இரண்டாவது வாதத்தை முற்றிலும் பொய் என்று தள்ளிவிட முடியாது. அரை நூற்றாண்டுக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரோரங்களுக்குப் பெயர்ந்த காலத்தில், மலிவான சம்சு மலேசிய இந்தியக் குடும்பங்களைச் சூறையாடியதையும், அதனை எதிர்த்துப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் நெடுங்காலம் போராடியதையும் நாம் அறிவோம்.

நாம் வளர்ந்த தோட்டத்திலும் ஒரு கள்ளுக்கடை இருந்தது. மாலை நேரத்தில் அந்தப் பக்கம் விளையாடப் போகக்கூடாது என்பது வீட்டுக்கு வீடு இருந்த கட்டளை. அப்பாவை அழைத்துவர அனுப்பப்படும் பிள்ளைக்கு மட்டும் அக்கட்டளை பொருந்தாது.

சிங்கப்பூரின் நிலை சற்று வேறானது. இங்கே தமிழ்த் தொழிலாளர் இரப்பர்த் தோட்டத்தைவிடத் துறைமுகத்திலும் நகராண்மையிலும் இரயில்வேயிலும் செம்பவாங் கடற்படைத் தளத்திலுமே மிகுதியாகப் பணியாற்றினர். அவர்களின் குடியிருப்பு வரிசைகளுக்கு எட்டிய தொலைவில் கள்ளுக்கடைகள் அமைந்தன. அரசே கடை நடத்தும் முறை இங்கு வேரூன்றியது; விடுதலைக்குப் பிறகும் 1970கள் வரை அது நீடித்தது. கடைக்கு ஓர் எல்லை இருந்தது, மூடும் நேரம் இருந்தது, அளந்து ஊற்றும் அரசு ஊழியர் ஒருவர் இருந்தார். தந்தை குடித்தது பிள்ளைக்குத் தெரியும். ஆனால் பிள்ளை பெரும்பாலும் கண்டது குடித்துவிட்டு வரும் தந்தையை. குடித்துக்கொண்டிருக்கும் தந்தையை அல்ல. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பின்னர் விரித்துரைப்போம்.

சீர்திருத்தக்காரர்களின் கண்ணில் பிள்ளை

தந்தை பெரியார் 1929 டிசம்பரில் மலாயா, சிங்கப்பூர்ப் பயணத்தைத் தொடங்கினார். 1921இல் மதுவிலக்குக்காகத் தம் தோப்பிலிருந்த தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தவர் என்னும் செய்தி அவருக்கு முன்பே இங்கு வந்து சேர்ந்திருந்தது. 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935 ஜூலை 6ஆம் நாள் தமிழ் முரசு வெளிவரத் தொடங்கியது. இரண்டிற்கும் உயிராக நின்றவர் கோ. சாரங்கபாணி. சாதி ஒழிப்பு, திருமணச் சீர்திருத்தம், கல்வி ஆகியவற்றோடு குடி ஒழிப்பும் அவ்வியக்கத்தின் கொள்கைகளுள் ஒன்றாயிற்று. தமிழகத்தில் இராஜாஜி 1937 அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைச் செயற்படுத்தியது இங்குள்ளோருக்குப் பெரும் ஊக்கமளித்தது. அதற்கு முந்திய ஆண்டில் தோன்றிய மலாயா மத்திய இந்தியர் சங்கமும் கள்ளுக்கடைகளை மூடும்படி வலியுறுத்திவந்தது.

1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தம் நம் பொருளுக்கு மிக முக்கியமானது. ஆர். எச். நாதன் முன்னின்ற அப்போராட்டத்தின் கோரிக்கைப் பட்டியலைத் தமிழாசிரியர்கள் ஒருமுறையேனும் முழுமையாகப் படிக்கவேண்டும். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துதல், மருத்துவ வசதி, துரைமாரையும் கிராணிமாரையும் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழித்தல் ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூடுதல் என்பதும் அதில் இடம்பெற்றிருந்தது. மானத்துக்கான பட்டியல் அது. கூலியைக் கேட்டவர்களே அக்கூலியை விழுங்கும் கடையையும் மூடச் சொன்னார்கள் என்பதால், குடியைத் தொழிலாளியின் இயல்பான குணமாகக் காட்டிய துரைமாரின் வாதம் அங்கேயே உடைந்தது. நாதன் நாடு கடத்தப்பட்டார். படையினர் சுட்டதில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

போருக்குப் பின் கெடாவில் எழுந்த தொண்டர் படை இன்னும் ஒருபடி மேலே சென்றது. சுங்கை பட்டாணிக்கு அருகிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு, ஏ. எம். சாமியின் தலைமையில் இயங்கிய அப்படையினர், இந்திய தேசிய இராணுவத்தின் ஒழுங்குமுறையைப் பின்பற்றிச் சீருடையோடு அணிவகுத்துக் கள்ளுக்கடைகளை மறித்தனர். குடித்து வந்தவர்களைத் தண்டிக்கவும் செய்தனர். 1947இல் பீடோங்கில் காவல் துறையினரோடு மோதல் மூண்டு, அவ்வியக்கம் ஒடுக்கப்பட்டது. கள்ளுக்கடையை மறித்தவர்கள் குற்றவாளிகளாயினர். கடை தொடர்ந்து நடந்தது.

இப்போராட்டங்களின் பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. ஆயினும் அவற்றின் சொல்லாட்சியை ஊன்றி நோக்கினால் ஒன்று புலனாகும். அங்கே பிள்ளை பெரும்பாலும் ஒரு பசித்த வயிறாகவே தோன்றுகிறது. தந்தை கூலியைக் குடித்துவிட்டதால் சோறின்றி வாடும் குழந்தை, புத்தகம் வாங்க வழியின்றிப் பள்ளியை விட்ட சிறுவன் என்னும் இரு வடிவங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. குடி, கூலியைத் தின்கிறது; கூலி குறைவதால் பிள்ளை வாடுகிறது என்பதே காரணத் தொடர். கிள்ளான் பட்டியலில் பிள்ளைகளின் கல்வியும் கள்ளுக்கடையும் ஒரே தாளில் அருகருகே நிற்கின்றன. இரண்டையும் இணைத்து, குடிக்கும் வீட்டில் வளரும் பிள்ளையின் மனத்தில் என்ன நிகழ்கிறது என்று கேட்கும் நிலை அன்றில்லை. அத்தகைய வினாவுக்குரிய உளவியற் சொற்களே அக்காலத்தில் உலகில் வேறெங்கும் பரவலாக இல்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. குடிப்போரின் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கென அமெரிக்காவில் தோன்றிய அலட்டீன் என்னும் தன்னுதவிக் குழுவே 1957இல்தான் பிறந்தது.

சாரங்கபாணிக்கு இளையர்மீது அக்கறையில்லை என்று இதனால் முடிவுகட்டுவதும் தவறாகும். 1950களில் முரசு வளர்த்த மாணவர் மணிமன்றம் பதின்ம வயதினரை எழுதவைத்தது. அவர்களுள் பலர் பின்னாளில் இவ்வட்டாரத்தின் எழுத்தாளர்களும் ஆசிரியர்களுமாயினர். 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டி மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் தமிழை நிலைநிறுத்த அவர் பாடுபட்ட கதை நம் துறையைச் சார்ந்தோர் அனைவரும் அறிந்ததே. மாலை வேளையில் ஓர் இளைஞன் கையில் எழுதுகோல் இருந்தால் வேறொன்று இராது என்பது அவர் கணக்காக இருந்திருக்கக்கூடும். அது பொல்லாத கணக்கன்று.

நம் இலக்கிய மரபும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. சங்கப் பாடல்களில் கள் நாணத்தக்க பொருளன்று. அதியமானின் அன்பை நினைந்து ஔவையார் இரங்கும் புறநானூற்றுப் பாடலில், பகிர்ந்துண்ட கள்ளே நட்பின் சான்றாகிறது. வள்ளுவர் 93ஆம் அதிகாரத்தில் அதனை மறுக்கிறார். தமிழ் வகுப்பறையில் குடியைப் பற்றிப் பேச எடுத்ததும் நாம் நாடுவது அவ்வதிகாரத்தையே. அப்பத்துக் குறட்பாக்களிலும் குடிப்பவனைப் பார்ப்பவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாயிருக்கும். பகைவர் இருக்கின்றனர், சான்றோர் இருக்கின்றனர், எள்ளி நகைக்கும் ஊரார் இருக்கின்றனர், ஈன்ற தாயும் இருக்கிறாள். அவனுடைய மகன் இல்லை, மகள் இல்லை. குடிப்பவன் அங்கே ஒரு தாயின் மகனாகவே நிற்கிறான், தந்தையாக அன்று. பிள்ளையின் கண்வழி தந்தையின் குடியைச் சொல்லும் மரபு நமக்கு வாய்க்காமற் போனதற்கு இதுவே காரணம் என்று கூறுவது மிகையாகலாம். ஆனால் தந்தை குடிக்கும் வீட்டிலிருந்து வரும் மாணவன் இவ்வதிகாரத்தைக் கேட்கும்போது, தனக்குரிய இடத்தை அதில் காண்பதில்லை.

கடை மூடிய பின்

1970களின் இறுதிக்குள் சிங்கப்பூரின் கள்ளுக்கடைகள் மறைந்தன. சீர்திருத்தக்காரர்கள் நாற்பதாண்டுகளாக வேண்டியது நிறைவேறியது. எனினும் அதை நிறைவேற்றியது அவர்களின் இயக்கமன்று, நகரின் மாற்றமே. 1960இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் குடியிருப்பு வரிசைகளையும் கம்பத்து வீடுகளையும் அடுக்குமாடிகளாக மாற்றியது. பிரிட்டிஷ் படையினர் 1971இல் வெளியேறியபின் செம்பவாங்கின் பழைய தளச் சமூகம் கலைந்தது. துறைமுக, இரயில்வேக் குடியிருப்புகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. ஒரே வரிசையில் வாழ்ந்த குடும்பங்கள் தோ பாயோ, அங் மோ கியோ, ஈசூன் என்று பிரிந்தன. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒரு கட்டடத்தில் இந்தியர் எவ்வளவு விழுக்காடு இருக்கலாம் என்பதற்கு வரம்பு விதித்தது. கொள்கையின் நன்மை தீமைகளை ஆராய்வது இங்கு நம் வேலையன்று. ஒரு தந்தை குடித்துவிட்டு வந்தால் அதட்டக்கூடிய சித்தப்பாவும் பிள்ளைகளைத் தன் வீட்டுக்கு அழைத்துச்செல்லும் அத்தையும் அடுத்த கதவில் இல்லாமற் போயினர் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

குடியும் மாறியது. டைகர் பீர் 1932 முதலே சிங்கப்பூரில் வடிக்கப்பட்டு வந்தபோதிலும் கூலித் தொழிலாளிக்கு அது எட்டாக் கனியாகவே இருந்தது. தொழில்வளத்தால் ஊதியம் உயர்ந்தபோது அது எட்டும் பொருளாயிற்று. புட்டியில் அடைத்த பீரும் பிராந்தியும் விஸ்கியும் கள்ளைப் போலப் புளித்துப் போவதில்லை. அவற்றுக்கு ஒரு நேரமில்லை. மரத்தின் அருகாமை வேண்டியதில்லை. வீட்டின் அலமாரியிலும் குளிர்பதனப் பெட்டியிலும் மாதக்கணக்கில் இருக்கக்கூடியவை. கள் தன் இயல்பால் குடிப்பவனைக் கடைக்கு இழுத்தது. புட்டி தன் இயல்பால் குடியை வீட்டுக்குக் கொண்டுவந்தது.

அடுக்குமாடி வீட்டின் அமைப்பையும் இங்கே எண்ணவேண்டும். மூவறை வீட்டில் வரவேற்பறையே சாப்பாட்டறை; அதுவே பிள்ளைகளின் படிப்பறை. அங்கே தந்தை புட்டியைத் திறந்து அமரும்போது, மகன் பாடப் புத்தகத்தோடு அதே மேசையின் மறுமுனையில் இருக்கிறான். ஐஸ் எடுத்துத் தருவது அவன் வேலை. வறுத்த கடலையை எடுத்துவருவது தங்கையின் வேலை. மாமா வந்தால், 'பையன் பெரியவனாயிட்டான்' என்னும் கேலியோடு ஒரு மிடறு நீட்டப்படுவதும் உண்டு. கள்ளுக்கடைக் காலத்துப் பிள்ளை குடியின் விளைவைக் கண்டது. அடுக்குமாடிக் காலத்துப் பிள்ளை குடியின் செய்முறையைக் கண்டது.

கள்ளுக்கடைக் காலம் நல்ல காலம் என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளவேண்டா. கடையிலிருந்து திரும்பிய தந்தையின் கையால் அடிபட்ட தாய்மாரையும் பிள்ளைகளையும் அறிந்த எவரும் அவ்வாறு கூறார். கள்ளைத் தூக்குச்சட்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தோரும் இருந்தனர். வீட்டுக்குப் பின்னால் கள்ளச் சாராயம் காய்ச்சியோரும் இருந்தனர். கடையை மூடியது சரியே. மூடியதோடு சிக்கல் தீர்ந்தது என்று கருதியதில்தான் பிழை நேர்ந்தது.

ஆய்வுகள் கூறுவன

குடிப்போர் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிய அறிவியல் நோக்கு 1970களுக்குப் பின்னரே வலுப்பெற்றது. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட ஆண்மக்களை ஆராய்ந்து டொனால்ட் குட்வின் குழுவினர் 1973இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. குடிநோயுற்ற பெற்றோருக்குப் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பிரிக்கப்பட்டு வேறு வீட்டில் வளர்ந்த 55 ஆண்களுள் 18 விழுக்காட்டினர் குடிநோயாளராயினர். அத்தகைய பின்னணியில்லாத 78 பேருள் 5 விழுக்காட்டினரே அவ்வாறாயினர். எனவே, குருதிக்கும் இதில் பங்குண்டு. 1998இல் வெளியான, கலிபோர்னியாவின் சான் டியேகோவில் 9,508 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. வீட்டில் குடிப்பவர் இருத்தல், தாய் அடிபடுவதைக் காணுதல், அடியும் வசையும் பெறுதல் முதலிய சிறுவயது இன்னல்களை அது வகைப்படுத்தி எண்ணியது. அவற்றுள் நான்கு அல்லது அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஆளானோர், பின்னாளில் குடி, போதைப்பொருள், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கு உள்ளாகும் வாய்ப்பு 4 முதல் 12 மடங்கு மிகுதியாயிருந்தது.

இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்துப் படிக்கும்போது தமிழாசிரியருக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. 'அப்பனைப் பார்த்துப் பிள்ளை கெட்டது' என்னும் நம் வழக்கமான தீர்ப்பு பாதி உண்மையே. பார்த்துக் கற்றல் ஒரு வழி. வீட்டில் எளிதாகக் கிடைத்தல் மற்றொரு வழி. உடலின் மரபுக்கூறு மூன்றாவது. இவற்றுக்கும் மேலாக, உறக்கமின்மை, அச்சம், வெளியில் சொல்லக்கூடாது என்னும் கட்டுப்பாடு ஆகியவற்றின் சுமையைத் தணிக்கவே சிலர் குடிக்கத் தொடங்குகின்றனர். தந்தையை வெறுக்கும் மகனே தந்தையின் புட்டியைத் தொடுவதை இது விளக்கும். அதே வேளையில், குடிப்போர் வீட்டுப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் குடிநோயாளர் ஆவதில்லை. குட்வின் ஆய்விலேயே ஐவருள் நால்வருக்கு மேல் தப்பினர். வாழ்நாள் முழுதும் ஒரு துளியும் தொடாதவர்களை நாம் ஒவ்வொருவரும் அறிவோம். எனவே இம்மாணவர்களை ஊழால் குறிக்கப்பட்டவர்களாக நோக்குவது அறியாமை. அவர்களுக்குத் தீங்கும் ஆகும்.

சிங்கப்பூர் மனநலக் கழகத்தின் தேசிய ஆய்வு 2010இலும் 2016இலும் நடைபெற்றது. வாழ்நாளில் மதுவைத் தவறாகப் பயன்படுத்திய நிலைக்கு உள்ளானோர் 3.1 விழுக்காட்டிலிருந்து 4.1 விழுக்காடாக உயர்ந்திருந்தனர். இவ்வெண்கள் 18 வயதுக்கு மேற்பட்டோரைப் பற்றியவை. கணக்கில் ஒருவராக வருபவர் வீட்டில் நான்கைந்து பேரோடு வாழ்கிறார். அந்நான்கைந்து பேரை அவ்வெண் சுட்டுவதில்லை. அரை நூற்றாண்டுக்கு முன் கடைகளை எண்ணினோம். இப்போது குடிப்பவர்களை எண்ணுகிறோம்.

2013 டிசம்பர் 8

இப்பின்னணியில்தான் லிட்டில் இந்தியா நிகழ்வை நோக்கவேண்டும். 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சந்திக்குமிடத்தில் தமிழகத்தைச் சேர்ந்த கட்டுமான ஊழியர் ஒருவர் தனியார் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதனையடுத்து சுமார் 300 பேர் ஈடுபட்ட கலவரம் மூண்டது. 1969க்குப் பின் சிங்கப்பூர் கண்ட முதல் கலவரம் அது. அடுத்த வார இறுதியிலேயே அவ்வட்டாரத்தில் மது விற்கவும் அருந்தவும் தடை விதிக்கப்பட்டது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014இல் அளித்த அறிக்கை, விபத்தையும் அதுகுறித்த தவறான எண்ணங்களையும் முதற்காரணமாகவும், மதுவைக் கலவரத்தைப் பெருக்கிய காரணங்களுள் ஒன்றாகவும் கண்டது. 2015 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம், தீவு முழுதும் இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடங்களில் மது அருந்துவதைத் தடுத்தது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுக்கட்டுப்பாட்டு வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. சனிக்கிழமை காலை 7 முதல் திங்கட்கிழமை காலை 7 வரை அங்கே பொது இடத்தில் குடித்தல் குற்றமாயிற்று.

தெருவின் அமைதிக்கு இச்சட்டம் உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நூறாண்டு நோக்கின் தொடர்ச்சியாகவே நாம் இதனைக் காண்கிறோம். மீண்டும் ஓர் இடம், மீண்டும் ஒரு நேரம், மீண்டும் கூலிக்கு வந்த ஆண். உள்ளூர்த் தமிழர் பலர் அன்று 'அவர்கள் வேறு, நாங்கள் வேறு' என்று கூறிக்கொண்டதில் ஒரு நிம்மதி இருந்ததையும் சொல்லியாகவேண்டும். குடி என்பது ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடும் வெளிநாட்டு ஊழியரின் பழக்கமாகப் பேசப்பட்டபோது, ஈசூனிலோ ஜூரோங்கிலோ நம் வீட்டு மேசையில் இருந்த புட்டி கண்ணில் படாமற் போயிற்று. 18 வயதுக்குட்பட்டோருக்கு மது விற்கக்கூடாது, உரிமம் பெற்ற கடைகளில் அவர்கள் அருந்தக்கூடாது என்று சட்டம் கூறுகிறது. வீட்டுக் கதவோடு அது நின்றுவிடுகிறது. மலேசியா 2017 டிசம்பர் 1 முதல் மது வாங்கும் வயதை 18இலிருந்து 21ஆக உயர்த்தியதும் கடை முகப்பைக் குறித்த விதியே. சட்டம் வீட்டுக்குள் நுழையவேண்டும் என்று நாம் வேண்டவில்லை. அது வேறு தீமைகளுக்கு வழிகோலும். சட்டம் நிற்குமிடத்தில் வேறு யார் தொடங்குகிறார்கள் என்பதே வினா.

அவ்வெளிநாட்டு ஊழியருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் திருவாரூரிலும் புதுக்கோட்டையிலும் இருக்கின்றனர். தமிழக அரசின் டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறை மது விற்பனையைத் தன் கையில் வைத்துள்ளது. 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டத்தில் ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிப் போராடியபோது காந்தியவாதி சசி பெருமாள் உயிர்நீத்தார். 2016இல் 500 கடைகள் மூடப்பட்டன. அங்கும் போராட்டம் கடையின் இடத்தைச் சுற்றியே நடந்தது. பள்ளிக்கருகில் கடை கூடாது என்பது எளிதில் ஒப்புக்கொள்ளத்தக்க கோரிக்கை. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலுள்ள தொலைவை எப்படி அளப்பது என்பதற்கு அங்கும் விடையில்லை.

வகுப்பறையிலிருந்து

சிண்டா 1991இல் தொடங்கப்பட்ட நாள்முதல் இந்திய மாணவரின் தேர்ச்சியே நம் சமூகத்தின் முதற்கவலையாக இருந்துவருகிறது. துணைப்பாட வகுப்புகள் பெருகின, தேர்ச்சியும் உயர்ந்தது. போதைப் பழக்கச் சிகிச்சைக்கு மனநலக் கழகத்தில் 2001 முதல் ஒரு சிறப்புப் பிரிவு இயங்குகிறது. 2008இல் அது தேசியச் சேவையாகப் பெயர் பெற்றது. இவற்றின் இரு வாசல்களுக்கும் நடுவில் நிற்பவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியர். அதிலும் தமிழாசிரியருக்கு ஒரு தனி நிலை உண்டு. கணக்கிலோ அறிவியலிலோ வெளிப்படாத வீடு, தமிழ்க் கட்டுரையில் வெளிப்பட்டுவிடும். அம்மொழி வீட்டின் மொழி அல்லவா?

பயிற்சிப் பட்டறையொன்றில் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர் ஒருவர் நம்மிடம் கூறியது நினைவுக்கு வருகிறது. 'விடுமுறை நாளில் என் வீடு' என்னும் தலைப்பில் ஒரு மாணவி, மின்தூக்கியின் ஓசையைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தாளாம். எந்த மாடியில் அது நிற்கிறது, கதவு திறந்தபின் காலடி எப்படி ஒலிக்கிறது, அதைக்கொண்டு தம்பியை எப்போது அறைக்குள் அனுப்புவது என்பதெல்லாம் அதில் இருந்தன. தந்தை என்னும் சொல்லே கட்டுரையில் இல்லை. ஆசிரியர் வருணனைக்கு நல்ல மதிப்பெண் கொடுத்துவிட்டு, தலைப்பிலிருந்து விலகியதற்குச் சிலவற்றைக் குறைத்தாராம். சில ஆண்டுகள் கழித்தே தமக்கு அது புரிந்தது என்று அவர் சொன்னபோது அறையில் எவரும் பேசவில்லை. அவரைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை. நாமும் அவ்வாறே மதிப்பெண் இட்டிருப்போம்.

வரலாற்று மாணவர்க்கு இன்னொரு பணி காத்திருக்கிறது. சிங்கப்பூரின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979இல் தொடங்கப்பட்டது. கள்ளுக்கடைகள் மறைந்துகொண்டிருந்த காலமும் அதுவே. அன்று பதினைந்து வயதில் இருந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். வரிசை வீட்டில் பிறந்து அடுக்குமாடியில் வளர்ந்த, கடையையும் புட்டியையும் ஒருசேரக் கண்ட தலைமுறை அவர்களுடையது. பெரும்பாலோர் இன்னும் நினைவோடு இருக்கின்றனர். அவர்களிடம் கள்ளுக்கடை எங்கே இருந்தது, ஒரு குவளை என்ன விலை என்று மட்டும் கேட்டுத் திரும்பிவிடக்கூடாது. புது வீட்டுக்கு வந்தபின் புட்டி எந்த அலமாரியில் இருந்தது, ஐஸ் எடுத்து வந்தது யார், அப்பா உறங்கியபின் மிச்சத்தைக் கொட்டியது யார், அதை முதன்முதலில் குடித்துப் பார்த்தது யார் என்றும் கேட்கவேண்டும்.